கொண்டியும் கூந்தற்கயிறும்: தமிழ்ப் போர் இலக்கியத்தில் பகைப்புலப் பெண்டிர்

முன்னுரை

புறத்திணை இலக்கியத்தில் பெண் பெறும் இடம் யாது என்னும் வினாவிற்குத் தமிழாய்வு பெரிதும் மறக்குடித் தாயையே விடையாகக் காட்டி வந்துள்ளது. மகன் புறங்கொடுத்தான் என்னும் பழிச்சொல் கேட்டுக் களம் புகுந்து, அவனது சிதைந்த உடலைக் கண்டபின் அவனைப் பெற்ற நாளினும் மிகுதியாக மகிழும் தாயும் (புறம். 278), இல்லத்து ஆடவர் இருவரைப் போரில் இழந்த பின்னும் எஞ்சிய ஒரே மகனைச் செருவிற்கு அனுப்பும் தாயும் (புறம். 279) மேடைகளிலும் பாடநூல்களிலும் பெரிதும் எடுத்தாளப்படுகின்றனர். இவர்கள் போரைத் தம் குடிக்கடனாக ஏற்றுக்கொண்ட பெண்கள். போரினால் கவரப்பட்ட பெண்களும் அதே இலக்கியத்துள் உள்ளனர். முற்றுகையிடப்பட்ட ஊரின் மகள், சிறைப்பிடித்துக் கொணரப்பட்டவள், கூந்தல் களையப்பட்டவள், தந்தையை இழந்து புகலிடம் தேடி அலைந்தவள் எனப் பலராக அவர்கள் தோன்றுகின்றனர். எனினும், இவர்களை ஒருங்கு வைத்து நோக்கும் முயற்சி மறக்குடித் தாயைப் பற்றிய ஆய்வின் அளவிற்கு வளரவில்லை.

ஆயுதப் போர்ச் சூழலில் பெண்களுக்கும் சிறுமியர்க்கும் நேரும் பால்சார் வன்முறை போர்க்களத்தோடு முடிந்துவிடுவதன்று. படை ஊரை நெருங்கும்போது கட்டாய மணமும், ஊரை விட்டு வெளியேறும்போது காப்பின்மையும், பிடிபட்டபின் அடிமை நிலையும், போர் ஓய்ந்தபின் ஆதரவின்மையும் சமூகப் பழியும் என அவ்விடர் பல படிகளில் தொடர்கிறது. இப்படிகளை அளவுகோலாகக் கொண்டு சங்கப் புறப்பாடல்கள், பத்துப்பாட்டு, பரணி, சோழர் மெய்க்கீர்த்திகள் ஆகியவற்றுள் தெரிந்தெடுத்த சில பகுதிகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழ்ப் போர் இலக்கியம் இவ்விடரை மறைக்கவில்லை. ஆனால் அதற்கு இட்ட பெயர்களும் வகுத்த துறைகளும் ஆடவரின் வெற்றி, மானம், குடிப்பெருமை ஆகியவற்றின் வழிப்பட்டனவாக உள்ளன. இதனால் வன்முறை நூலில் வெளிப்படையாக இருந்தும் உரையிலும் ஆய்விலும் வன்முறையாக வாசிக்கப்படாமல் போயிற்று என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

மகட்பாற்காஞ்சி: போருக்கு முன் எழும் இடர்

முதுகுடித் தலைவனின் மகளை வேந்தன் வேண்டி வருதலும், தந்தை கொடுக்க மறுத்தலும், அதனால் ஊர் அழிவை எதிர்நோக்குதலும் மகட்பாற்காஞ்சித் துறையின் பொருளாகும். தொல்காப்பியம் இதனைக் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கூறும்போது, படையுடன் வந்த வேந்தனுக்கு மகட்கொடை நேர அந்தக் குடி அஞ்சுவதைச் சுட்டுகிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இதே சூழலை மூன்று படலங்களில் விரிக்கிறது. காஞ்சிப் படலத்தில் மகட்பாற்காஞ்சி, நொச்சிப் படலத்தில் மகள் மறுத்து மொழிதல், உழிஞைப் படலத்தில் மகட்பால் இகல் என அது அமைகிறது. மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கு ஒரு துறையும், வெளியே முற்றுகையிட்டு இருப்பவனுக்கு ஒரு துறையும் உண்டு. எந்தப் பெண்ணின் பொருட்டு மதில் வளைக்கப்படுகிறதோ அவளுக்கெனத் தனித்துறை இல்லை.

புறநானூற்றின் பிற்பகுதியில் 336ஆம் பாட்டு முதலாக இத்துறைப் பாடல்கள் செறிந்து காணப்படுகின்றன. இவற்றுள் வேந்தனின் சினமும் தந்தையின் உறுதியும் உடன்பிறந்தாரின் போர் விருப்பும் விரிவாகப் பேசப்படுகின்றன. முசிறி போன்ற பெருஞ்செல்வத்தைப் பணிந்து தந்தாலும் தகுதியில்லாதார்க்குத் தந்தை மகளைக் கொடான் என்கிறது ஒரு பாட்டு (புறம். 343). மறுப்பிற்குக் காரணமாக அமைவது குடித்தகுதி. மகளின் விருப்பமோ விருப்பமின்மையோ அங்கு வினாவாகவே எழவில்லை. இப்பாடல்களில் அவள் பேசுவதும் இல்லை. அவளது வனப்பு வருணிக்கப்படுகிறது. அதனை அடுத்து ஊரின் எதிர்கால அழிவு வருணிக்கப்படுகிறது. இவ்விரண்டும் காரண காரியமாகப் பிணைக்கப்படுகின்றன.

இப்பிணைப்பின் விளைவாகப் பழி இடம் மாறுகிறது. பரணரின் ஒரு பாட்டு, மகளை வளர்த்ததன் வாயிலாகப் பகையை வளர்த்தவள் எனத் தாயைப் பண்பற்றவளாகக் கூறுகிறது (புறம். 336). மருதனிளநாகனாரின் பாட்டு, மரத்தில் தோன்றிய சிறுதீ அம்மரத்தையே அழிப்பதுபோல் அப்பெண் தான் பிறந்த ஊருக்கு அணங்காயினாள் என்கிறது (புறம். 349). பரணரின் மற்றொரு பாட்டோ, இவளைத் தாய் பெறாதிருந்தால் நிழல்தோறும் தேர்கள் நின்று, இடந்தோறும் யானைகள் கட்டப்பட்டு எம் துறையின் மரங்கள் வருந்தியிருக்கமாட்டா என்று இரங்குகிறது (புறம். 348). மரத்திற்கு இரங்கும் நெஞ்சம் புலவருக்கு உண்டு. அந்த இரக்கம் மரத்தளவில் நின்று, யானைகளும் தேர்களும் யாரைக் கவர வந்துள்ளனவோ அவளைச் சென்றடையாமல் போவது துறையின் கட்டமைப்பால் நேர்ந்த விளைவாகும்.

ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட ஆய்வில் அணங்கு என்பதைப் பெண்ணுள் உறைவதாகக் கருதப்பட்ட, அச்சமும் புனிதமும் கலந்த ஆற்றலாக விளக்கினார். பழந்தமிழர் நம்பிக்கையை அறிய இவ்விளக்கம் பெரிதும் துணைசெய்கிறது. ஆயினும் மகட்பாற்காஞ்சிப் பாடல்களுக்கு இதனை மட்டும் பொருத்தினால், இடரின் ஊற்று வேந்தனின் படையில் இருந்து பெண்ணின் உடலுக்கு இடம் பெயர்ந்துவிடும். தாக்குதலுக்கு உள்ளாக இருப்பவளையே தாக்குதலுக்குக் காரணம் ஆக்கும் இம்முறை, போர்க்கால வன்முறை பற்றிய பிற்காலப் பேச்சுகளிலும் காணப்படுவதாகும். நம்பிக்கையை விளக்குதலும் அந்நம்பிக்கை எதனை மறைக்கப் பயன்பட்டது எனக் காட்டுதலும் ஆகிய இருபணிகளும் திறனாய்விற்கு உரியன.

விலக்குப் பட்டியலும் அதன் எல்லையும்

பழந்தமிழர் போரில் அறம் பேணினர் என்பதற்கு நெட்டிமையாரின் பாட்டு சான்றாகக் காட்டப்படுவது வழக்கம் (புறம். 9). பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அம்பு செலுத்துமுன் ஆவும் பார்ப்பன மாக்களும் பெண்டிரும் நோயுற்றோரும் புதல்வரைப் பெறாதோரும் தத்தமக்குரிய காப்பிடம் சேருமாறு அறிவித்தான் என்பது அப்பாட்டின் செய்தி. போரில் ஈடுபடாதோரைப் போரினின்று பிரித்துக் காணும் எண்ணம் அக்காலத்திலேயே கருத்தளவில் தோன்றியிருந்தது என்பது இதனால் பெறப்படும். அது சிறியதொரு செய்தியன்று.

ஆயினும் இவ்வறிவிப்பின் உள்ளடக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. காப்பிடம் தேடும் பொறுப்பு இங்கே வெளியேறுவோர் மீதே சுமத்தப்படுகிறது. படை வந்துகொண்டிருக்கும் வேளையில் ஒரு பெண் எங்குச் செல்வாள், யார் துணையுடன் செல்வாள், அவள் திரும்பி வருவதற்கு இல்லம் இருக்குமா என்னும் வினாக்களுக்கு அப்பாட்டில் இடமில்லை. அதே நெட்டிமையார் அதே மன்னனைப் பாடிய மற்றொரு பாட்டு (புறம். 15) இவற்றுள் இறுதி வினாவிற்கு விடையளிக்கிறது. பகைவரின் தெருக்கள் கழுதை பூட்டி உழப்பட்டு, அவர்தம் அரண் சூழ்ந்த இடம் பாழாக்கப்பட்டதை அப்பாட்டு புகழ்ந்துரைக்கிறது. ஒன்பதாம் பாட்டை மட்டும் எடுத்துக்காட்டிப் பதினைந்தாம் பாட்டை விட்டுவிடும் வாசிப்பு முழுமையுடையதாகாது. எச்சரிக்கப்பட்டு வெளியேறிய பெண்டிரின் வீடுகளும் அந்தத் தெருக்களில்தான் இருந்திருக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்து வஞ்சின மாலையில் மதுரையை எரியூட்டும் கண்ணகி, தீ அணுகக் கூடாதவரைப் பட்டியலிடுகிறாள். பார்ப்பாரும் அறவோரும் ஆவும் மூத்தோரும் குழவியரும் அதில் இடம்பெறுகின்றனர். பெண்டிருள் விலக்குப் பெறுவோர் பத்தினிப் பெண்டிர் மட்டுமே. அநீதிக்கு எதிராக எழுந்த பெண்ணின் வாயிலாகவே இப்பட்டியல் சொல்லப்படுவது காப்பியத்தின் ஆழ்ந்த முரண்களுள் ஒன்று. காப்பு என்பது உயிருக்குரிய உரிமையாக இன்றிக் கற்பிற்குரிய பரிசாக வழங்கப்படுமானால், போரில் உடல் தீண்டப்பட்ட பெண் அடுத்த பட்டியலில் இடம்பெறாள். வன்முறைக்கு உள்ளானமையே அவள் மேலும் காப்பிழக்கக் காரணமாகிவிடும்.

கொண்டி மகளிரும் வேளமும்

கொண்டி என்னும் சொல் பகைப்புலத்திலிருந்து கொள்ளையாகக் கொள்ளப்பட்ட பொருளைக் குறிக்கும். பட்டினப்பாலை கொண்டி மகளிர் என ஒரு பிரிவினரைக் கூறுகிறது (246). நச்சினார்க்கினியர் இவர்களைப் பகைவர் மனையோராய்ப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட மகளிர் என விளக்குவார். இவர்கள் நீர்த்துறையில் மூழ்கி, அந்திப்பொழுதில் அணையா விளக்கேற்றி, மெழுகி மலரணிந்த பொதியிலைப் பேணுகின்றனர். தெய்வத் தொண்டாகத் தோன்றும் இக்காட்சியில் அவர்கள் எவ்வாறு அங்கு வந்தனர் என்பதைக் கொண்டி என்னும் ஒரு சொல்லே தாங்கி நிற்கிறது.

இக்காட்சி பாட்டில் அமைந்துள்ள இடம் மேலும் சிந்திக்கத்தக்கது. அது காவிரிப்பூம்பட்டினத்தின் வருணனையைச் சேர்ந்ததன்று. திருமாவளவன் அழித்த பகைவர் ஊர்களின் முன்னைய நிலையைச் சொல்லும் பகுதியில் அது வருகிறது. கொண்டி மகளிர் விளக்கேற்றிய பொதியிலின் தூணில் இப்போது யானைகள் உராய்ந்து தங்குகின்றன என்பதே புலவர் காட்டும் பாழ்நிலை. ஆக, தோற்ற ஊரும் தான் வென்ற காலத்தில் பிறர் பெண்டிரைக் கவர்ந்து வந்த ஊரே. அந்த ஊர் அழிந்தபோது அங்கிருந்த கொண்டி மகளிர் என்னாயினர், அவ்வூரின் மகளிர் வேறெந்தப் பொதியிலுக்குக் கொண்டியாயினர் என்பவற்றைப் பாட்டு கூறவில்லை. கொள்ளை கைமாறும்போது அதனோடு பெண்ணும் கைமாறும் சங்கிலித் தொடரின் ஒரு கண்ணி மட்டுமே நமக்குக் காட்டப்படுகிறது.

மதுரைக்காஞ்சியில் இதே தொடர் பரத்தையரைக் குறிக்க வருகிறது (583). அவ்விடத்து அதற்குப் பிறர் பொருளைக் கொள்ளையாகக் கொள்ளும் மகளிர் என்பது பொருளாகிறது. ஓரிடத்தில் கொள்ளையிடப்பட்டவள், மற்றோரிடத்தில் கொள்ளையிடுபவள். இவ்விரு பொருளும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை எனத் துணிந்து கூறச் சான்று போதாது. எனினும், கவரப்பட்ட பெண்ணுக்கும் ஆடவரின் பொருளைக் கவர்பவளாகப் பழிக்கப்பட்ட பெண்ணுக்கும் ஒரே பெயர் வழங்கியமை, வன்முறைக்குள்ளானவர் மீது பழி படியும் வழியை மொழிநிலையில் காட்டுவதாகக் கொள்ளலாம்.

சோழர் காலத்தில் இந்நிலை அரண்மனை நிறுவனமாக வளர்ந்ததை வேளம் என்னும் சொல் உணர்த்துகிறது. கல்வெட்டுகளில் வேளத்துப் பெண்டாட்டிகள் இடம்பெறுகின்றனர். அவர்களுள் சிலர் கோயில்களுக்குக் கொடையளித்துள்ளனர். போரும் அடிமைநிலையும் அரசகுடும்பமும் இணைந்த இந்த அமைப்பைப் பற்றித் தாவுத் அலி 2006இல் வெளியான கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வேளத்தில் இருந்தோர் அனைவரும் போர்ச்சிறையர் எனக் கொள்ளல் ஆகாது. ஆனால் போர்ச்சிறையாக வந்தோரும் அதில் இருந்தனர் என்பதற்கு இலக்கியமே சான்று தருகிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணிக் கடைதிறப்பில், பாண்டியர் தோற்றோடியபோது வேளம் புகுந்த மகளிர் கதவு திறக்குமாறு அழைக்கப்படுகின்றனர். வடுகும் தமிழும் கலந்து மழலை பேசும் மகளிரும் அவ்வாறே அழைக்கப்படுகின்றனர். ஊடல் தீர்ந்து கதவு திறக்கும் இல்லக்கிழத்தியரின் வரிசையிலேயே இவர்களும் வைக்கப்படுவதால், சிறைப்பட்ட நிலை இன்பச்சுவையின் ஒரு வண்ணமாகக் கரைந்துவிடுகிறது. பரணியின் யாப்பழகையும் சந்த இனிமையையும் போற்றிய திறனாய்வு, கதவின் உட்புறத்தில் இருப்பவள் தன் விருப்பால் அங்கு வந்தவள் அல்லள் என்பதை உரியவாறு கருதவில்லை.

கூந்தற்கயிறு: ஒரு செயல், வேறு வேறு மதிப்பீடு

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்து பரணர் சேரன் செங்குட்டுவனைப் பாடியது. அப்பத்தின் 44ஆம் பாட்டு, மோகூர் மன்னனின் வேம்பு வெட்டப்பட்டு, களிறுகள் பூட்டி இழுத்துச் செல்லப்பட்டதைக் கூறுகிறது. பத்தின் இறுதியிலுள்ள பதிகம் இதனோடு வேறொரு செய்தியையும் சேர்க்கிறது. அணிகளைக் களைந்த பெண்டிரின் கூந்தலைக் கயிறாகத் திரித்து அந்த யானைகளைப் பூட்டினான் என்பது அச்செய்தி. பதிகங்கள் பிற்காலத்தவை என்பது அறிஞர் கருத்து. பாட்டில் இல்லாத பெண்டிரின் இழிவு, மன்னனின் சாதனைகளைத் தொகுத்தவர் கையில் சாதனையாக இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது. கணவரை இழந்து கைம்மை நோன்பிற்காகக் களைந்த கூந்தலே வென்றவனின் யானைகளுக்குக் கயிறானது எனக் கொண்டால், துயரத்தின் அடையாளம்கூட அப்பெண்டிரிடம் எஞ்சவில்லை என்றாகிறது.

இதனை ஒத்த செயல் நன்னன் மீதும் ஏற்றிக் கூறப்படுகிறது. ஆனால் அது இடம்பெறுவது அகப்பாட்டில் (நற். 270). அப்பாட்டையும் பாடியவர் பரணரே. அதில் பேசுபவள் தோழி. தலைவனின் செயல், வேந்தரை வென்ற நன்னன் திரித்த கூந்தற்கயிற்றினும் கொடியது என அவள் இடித்துரைக்கிறாள். பகைவரின் பெண்டிர் கூந்தலால் திரிக்கப்பட்ட கயிறு என்றே உரையாளர் இதற்குப் பொருள் கொள்வர். பதிகத்தில் புகழாக எண்ணப்பட்ட செயல், பெண் கூற்றாக அமைந்த பாட்டில் கொடுமைக்கு அளவுகோலாக எடுத்தாளப்படுகிறது. தலைவனைக் கடிய ஓர் உவமை வேண்டிய தோழிக்கு உடனே நினைவுக்கு வருவது இச்செயலே என்றால், அது மக்கள் நினைவில் கொடுமையாகவே நிலைத்திருந்தது எனலாம்.

மூன்றாவது மதிப்பீடும் உண்டு. கல்லாடனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய பாட்டில், பகைவரின் மகளிர் கைம்மையுற்றுக் கூந்தல் கொய்வது கண்டு மன்னன் போரை ஒழிந்தான் என்னும் கருத்து அமைந்துள்ளது (புறம். 25). அங்குப் பெண்டிரின் துயரம் போரை நிறுத்தும் எல்லையாகிறது. இம்மூன்றையும் ஒப்பிட்டால், சங்கச் சமூகம் இத்தகைய செயல்களை ஒரே குரலில் ஏற்றது என்னும் கருத்தும், அக்காலத்தில் இவற்றைக் கொடுமையாக உணரவே இல்லை என்னும் கருத்தும் நிலைபெறமாட்டா. இன்றைய அறத்தைப் பழைய நூல் மீது ஏற்றுவதாக எழும் தடையும் இதனால் நீங்குகிறது. கொடிது என்னும் தீர்ப்பு பழைய நூலுக்குள்ளேயே எழுதப்பட்டுள்ளது. எந்தத் தீர்ப்பு வெளிப்படும் என்பது யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்ததாக இருந்தது.

மெய்க்கீர்த்தியும் மாற்றார் கல்வெட்டும்

இலக்கியச் செய்திகளை உயர்வுநவிற்சி எனத் தள்ளலாம். அரசே தன் செயலாகக் கல்லில் பொறித்ததை அவ்வாறு எளிதில் தள்ளுதல் இயலாது. முதலாம் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி, ஈழப்போரில் வீரசலாமேகனின் தமக்கை முதலிய உறவுப் பெண்டிர் பிடிக்கப்பட்டதையும் அவன் தாயின் மூக்கு அரியப்பட்டதையும் வெற்றிச் செய்தியாகக் கூறுகிறது. வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, சாளுக்கியத் தண்டநாயகன் சாமுண்டராயனின் தலை கொய்யப்பட்டதோடு, இருகையனின் மனைவியான அவன் மகள் நாகலையின் மூக்கும் அரியப்பட்டதைக் கூறுகிறது. தந்தைக்கு இறப்பு, மகளுக்கு உயிரோடு சிதைவு. கொல்லப்பட்டவனின் தோல்வி அன்றோடு முடிகிறது. முகம் சிதைக்கப்பட்டவள் வாழும் நாளெல்லாம் தன் குடியின் தோல்விக்கு அடையாளமாகத் திரிய வேண்டும் என்பதே இச்செயலின் நோக்கமாகலாம்.

மறுபுறச் சான்றும் கிடைத்துள்ளது. தார்வார்ப் பகுதியைச் சேர்ந்த ஹொட்டூரின் கி.பி. 1007ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, ஒன்பது இலட்சம் படையுடன் வந்த சோழன் நாட்டைக் கொள்ளையிட்டு, பெண்டிரையும் குழந்தைகளையும் பார்ப்பாரையும் கொன்று, கன்னியரைக் கவர்ந்து, சாதியொழுங்கைக் குலைத்தான் எனக் குற்றஞ்சாட்டுகிறது. படைத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என்பதில் ஐயமில்லை. மாற்றாரின் பகையுணர்வும் இதில் உண்டு. ஆனால் சோழரின் மெய்க்கீர்த்திகளே பெண்டிரைப் பிடித்ததையும் சிதைத்ததையும் பெருமையாகக் கூறும்போது, மாற்றாரின் குற்றச்சாட்டை முற்றிலும் புனைவு எனல் பொருந்தாது. ஹொட்டூர்க் கல்வெட்டும் கவரப்பட்ட கன்னியரின் துயரைத் தனித்து நோக்கவில்லை. சாதி குலைந்தது என்பதே அதன் முறையீட்டின் முடிவாக உள்ளது. வென்றவரின் கல்லில் பெண் வெற்றிப்பொருள். தோற்றவரின் கல்லில் மானப்பொருள்.

பாரி மகளிர்: போருக்குப் பின்

இடர் போரோடு முடிவதில்லை என்பதற்குப் பாரி மகளிர் வரலாறு தக்க சான்று. பறம்பு வீழ்ந்தபின் கபிலர் அவர்களை விச்சிக்கோனிடமும் (புறம். 200) இருங்கோவேளிடமும் (புறம். 201, 202) அழைத்துச் சென்று மணந்துகொள்ளுமாறு வேண்டினார், இருவரும் மறுத்தனர். பின்னர் அவர்களைப் பார்ப்பாரிடத்துச் சேர்ப்பித்துக் கபிலர் வடக்கிருந்ததைப் பழைய கொளுக்கள் தெரிவிக்கின்றன. கபிலரின் நட்பு தமிழ் மரபு என்றும் போற்றுவது, அப்போற்றுதல் தகும். அதே வேளையில், தந்தையையும் மலையையும் இழந்த இளம்பெண்களுக்கு மணம் ஒன்றே காப்பாகவும், அம்மணமும் ஓர் ஆடவர் மற்றோர் ஆடவரிடம் இரந்து பெற வேண்டியதாகவும் இருந்தமை இப்பாடல்களால் தெளிவாகிறது. மகட்பாற்காஞ்சியில் படைகொண்டு வேண்டப்பட்ட மகள், போர் முடிந்தபின் வேண்டுவார் இன்றி நிற்கிறாள்.

அவர்கள் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரே பாட்டு (புறம். 112). சென்ற திங்களின் நிலவொளியில் தந்தையும் குன்றும் தம்முடன் இருந்ததையும், இந்தத் திங்களின் நிலவொளியில் இரண்டும் இல்லாமையையும் அது கூறுகிறது. அப்பாட்டில் வேந்தரின் வெற்றி பெருமைக்குரியதாகப் பேசப்படவில்லை, குடிப்பெருமையும் பேசப்படவில்லை. இழப்பு இழப்பாகவே சொல்லப்படுகிறது. தோற்ற தரப்பின் மகளிர் தாமே பேசும்போது போர் வேறொரு பொருளாகிவிடுவதை இச்சிறுபாட்டு மெய்ப்பிக்கிறது.

மானமும் உடலும்: பிற்கால நீட்சி

பெண்ணுக்கு நேர்ந்த தீங்கை மானத்தின் கணக்கில் எழுதும் முறை பழைய நூல்களோடு ஒழியவில்லை. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, தன் 27ஆம் உறுப்பில் பாலியல் வன்முறையினின்று பெண்களைக் காக்க வேண்டும் எனக் கூறியபோது, அதனை அவர்களது மானத்தின் மீதான தாக்குதலாகவே குறித்தது. 1998இல் ருவாண்டாவிற்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் அகாயேசு வழக்கில் பாலியல் வன்முறை இனப்படுகொலையின் செயலாக அமையலாம் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் உரோமைச் சட்டம் வன்புணர்ச்சி, பாலியல் அடிமைத்தனம் முதலியவற்றைப் போர்க்குற்றங்களாக வகுத்தது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000இலும், 1820ஆம் தீர்மானம் 2008இலும் நிறைவேறின. தீங்கு மானத்திலிருந்து உடலுக்கும் உரிமைக்கும் இடம்பெயர அரைநூற்றாண்டு தேவைப்பட்டது.

இத்துணைக்கண்டத்திலும் இதற்குச் சான்றுகள் உள. நாட்டுப் பிரிவினையின்போது கடத்தப்பட்ட பெண்களை மீட்க இந்தியா 1949இல் சட்டம் இயற்றியது. மீட்கப்படும் பெண்ணின் ஒப்புதல் அச்சட்டத்தில் வேண்டப்படவில்லை என்பதை ரீது மேனனும் கமலா பாசினும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர். தந்தைக்கும் வேந்தனுக்கும் இடையே கேட்கப்படாமல் நின்ற மகளின் நிலை, இரண்டு அரசுகளுக்கு இடையே மீண்டும் தோன்றியது. 1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின் வங்காளதேச அரசு, வன்முறைக்குள்ளான பெண்களைப் பெருமைப்படுத்த வீராங்கனையர் எனப் பெயரிட்டது. அப்பெயரே சமூகத்தில் பழிச்சொல்லாகத் திரிந்தது. அவர்களுள் சிலரை அரசு விடுதலைப் போராளிகளாக ஏற்றது 2015இல்தான். கொண்டி மகளிர் என்னும் தொடரின் இருபொருளை எண்ணுவோர்க்கு இத்திரிபு வியப்பளிக்காது.

தமிழில் இம்மரபிற்கு மாற்றுக்குரல் வலுவாக எழுந்தது ஈழத்தில். 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த பெண் கவிஞர்களின் தொகுதி ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெயர் பெற்றது. துறையிலக்கணத்தில் இடம்பெறாத அந்த மகள் பேசத் தொடங்கியதன் அடையாளமாக அப்பெயரைக் கொள்ளலாம். புறநானூற்று 112ஆம் பாட்டிற்கும் இத்தொகுதிக்கும் இடைப்பட்ட நெடிய மௌனத்தை அளப்பது தமிழ் இலக்கிய வரலாற்றுக்குரிய பணியாகும்.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். தமிழ்ப் போர் இலக்கியம் பெண்களுக்கும் சிறுமியர்க்கும் நேரும் இடர்களைப் போருக்கு முன்னும் போரிலும் போருக்குப் பின்னும் தெளிவாகப் பதிவு செய்துள்ளது. அப்பதிவுகள் துறை, பதிகம், மெய்க்கீர்த்தி, உரை ஆகியவற்றின் சட்டகத்துள் வெற்றியாகவும் மானமாகவும் இன்பச்சுவையாகவும் பெயர் மாற்றம் பெற்றுள்ளன. பெண்குரலில் அமைந்த பகுதிகளிலோ அதே நிகழ்வுகள் கொடுமையாகவும் இழப்பாகவும் வெளிப்படுகின்றன.

இவ்வாசிப்பு பழைய நூல்களின் பெருமையைக் குறைப்பதாகக் கருதப்பட வேண்டியதில்லை. கூந்தற்கயிற்றைப் புகழ்ந்த பதிகத்தையும் அதனைக் கொடிது என்ற தோழியையும் ஒருங்கே காத்துத் தந்திருப்பது தமிழ் மரபுதான். அவ்விரண்டனுள் பதிகத்தை வரலாறாகவும் தோழி கூற்றை உவமையாகவும் மட்டும் கற்பித்து வருவது ஆய்வாளரின் தெரிவு. மகட்பாற்காஞ்சியைப் பயிற்றும்போது மதிலுக்கு உள்ளிருப்பவனையும் வெளியிருப்பவனையும் விளக்கிய பின், யார் பொருட்டு அம்மதில் வளைக்கப்பட்டதோ அவளைப் பற்றியும் வினா எழுப்பும் கடமை தமிழ் வகுப்பறைக்கு உண்டு.